பவளம் நிறம் மாறினால் விளக்கில் எதைத் திருத்துவது: அறிகுறி வாரியாக

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் பவளத் தொட்டி வைத்திருப்பவருக்கு இரண்டு தொல்லைகள் கூடவே வரும். ஒன்று பிற்பகல் சூடு. தகரக் கூரை வீடானாலும் தாமான் (குடியிருப்பு வரிசை) வீட்டு முன்கூடமானாலும், மதியம் 2 மணிக்கு மேல் அறைக்குள் 32, 33 பாகை என்பது சாதாரணம். மற்றொன்று, சூடு முற்றியதும் இறங்கும் இடிமழையும் அதோடு போகும் கரண்டும். பவளம் நிறம் இழந்தால் எல்லாருடைய கையும் முதலில் போவது விளக்கின் மேல்தான். ஆனால் பெரும்பாலான நேரம் கோளாறு அங்கே இருப்பதில்லை. அங்கேயே இருந்தாலும், குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டிவிடுகிறோம்.

கீழே சொல்லும் அளவுகள் மூன்றடித் தொட்டியை மனதில் வைத்தவை: 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குக்கு 182 லிட்டர். கல், மணல் போக உண்மையில் 150 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். மருந்து, உப்பு, கரி எதைப் போட்டாலும் இந்த 150ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

முதலில் அளவு

"அண்ணே, லைட்ட கொஞ்சம் ஏத்தட்டா?" என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இப்போது எவ்வளவு இருக்கிறது? கண்ணால் சொல்ல முடியாது. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் பிரகாசமாகத் தெரியும். பவளத்துக்கு வேண்டிய 420 முதல் 470 நானோமீட்டர் நீலம் மங்கலாகத் தெரியும். அதனால் நீலம் ஓங்கிய விளக்கின்கீழ் தொட்டி இருட்டாகத் தோன்றும்போதே பவளம் வெந்துகொண்டிருக்கலாம்.

ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை அளப்பது பார் (PAR) மீட்டர். அது காட்டும் எண்ணையே பார் அளவு என்கிறோம். புதிதாக வாங்கக் காசு அதிகம். தொட்டி வைத்திருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடுவதே நல்ல வழி. பழைய மாடல் சில நீலத்தைக் குறைத்துக் காட்டும், எல்.இ.டி. விளக்குக்கு முழு நிறமாலையையும் படிக்கும் சென்சார் வேண்டும். சில சென்சார்கள் தண்ணீருக்குள் குறைவாகக் காட்டும். அதற்கான பெருக்கு எண் கையேட்டில் இருக்கும். அதைப் பெருக்காமல் படிப்பவர்கள் பலர்.

கைப்பேசி செயலியும் லக்ஸ் மீட்டரும் மனிதக் கண்ணுக்காகச் செய்தவை. அவை காட்டும் எண்ணை ஒரே வாய்ப்பாட்டால் பார் ஆக்க முடியாது, ஏனென்றால் நீலம் கூடக் கூட அந்த விகிதம் மாறும். ஆனாலும் அவற்றுக்கு ஒரு பயன் உண்டு. நிற அமைப்பை மாற்றாமல், போன மாதம் 8,000 காட்டிய அதே இடத்தில் இன்று 6,000 காட்டினால், விளக்கு கால் பங்கு மங்கியிருக்கிறது என்று தெரியும்.

அளக்கும்போது அலை எழுப்பும் பம்பை நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் தொட்டியை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மணல், நடுக்கல், மேல்கல் என மூன்று ஆழத்தில் படியுங்கள். ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவையுங்கள். இனி எந்தப் பவளம் எங்கே போகும் என்பதை அந்தத் தாள்தான் சொல்ல வேண்டும்.

பார் அளவு எவ்வளவு இருந்தால் சரி? காளான் பவளத்துக்கு 30 முதல் 80. சோவா, தோல் பவளம் போன்ற மென்பவளங்களுக்கு 60 முதல் 120. ஹேமர், டார்ச், பிரெயின் போன்ற பெரிய வாய்ப் பவளங்களுக்கு 80 முதல் 150. மோன்டிபோராவுக்கு 150 முதல் 250. அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. திறந்த கடலின் மேல் நண்பகல் வெயில் 2,000 வரை போகும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொட்டியில் 500, 600 ஏற்றுபவர்கள் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் பவளத்தால் அந்த ஒளியை உணவாக்க முடியாது. மிச்சமெல்லாம் அதற்குச் சுமை.

அதே நாளில் தண்ணீரையும் சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு 35, வெப்பம் 25 முதல் 27, காரத்தன்மை 7.5 முதல் 9 டிகேஎச் (dKH, காரத்தன்மையின் அலகு), கால்சியம் 400 முதல் 450, மக்னீசியம் 1,250 முதல் 1,350, நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 (கால்சியம் முதல் பாஸ்பேட் வரை எல்லாம் பி.பி.எம். கணக்கு). இவற்றில் காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட் மூன்றும் தெரியாமல் விளக்கைத் திருத்துவது, காய்ச்சல் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது போலத்தான்.

அறிகுறி: வாங்கும்போது நிறமாக இருந்தது, இப்போது பழுப்பு

பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் சொந்த நிறமே பழுப்பு. வெளிச்சம் போதாவிட்டால் இருக்கிற கொஞ்சம் ஒளியையும் பிடித்துக்கொள்ள அந்தப் பாசியும் அதன் பச்சையமும் பெருகும். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்தாலும் அது உரம் போட்டது போல் பெருகும். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றே, வைத்தியம் வேறு. பிரித்தறிய இந்த வரிசையில் பாருங்கள்.

1. பவளம் வந்து ஆறு வாரம் ஆகவில்லையா? ஈப்போவிலிருந்து பையில் கட்டி வந்த துண்டு, புது இடத்தில் ஒரு மாதம் பழுப்பாக நிற்பது வழக்கம். வாய்மொட்டுகள் விரிந்தால் போதும். எதையும் தொடாதீர்கள்.

2. நைட்ரேட் 20க்கு மேல், அல்லது பாஸ்பேட் 0.15க்கு மேலா? அப்படியானால் விளக்கில் குற்றமில்லை. தீனியைக் குறையுங்கள், ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) கோப்பையைக் கழுவுங்கள், வாரம் 15 லிட்டர் தண்ணீர் மாற்றுங்கள். பாஸ்பேட் உறிஞ்சியைக் கொட்டி ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். பழுப்பு போய் வெளுப்பு வரும்.

3. தண்ணீர் சரியாக இருந்து, அந்தக் கட்டத்தின் பார் அளவு மேலே சொன்ன கீழ்வரம்பைத் தொடவில்லையா? இப்போதுதான் விளக்கின் முறை.

அப்போதும் திருகைத் திருப்பாதீர்கள், முதலில் துடையுங்கள். தண்ணீர் தெறித்து விளக்கின் கண்ணாடியில் படியும் உப்பு, இரண்டு மாதத்தில் வெள்ளைத் திரையாகிவிடும். பிளக்கைக் கழற்றி, விளக்கு ஆறிய பிறகு, ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வினிகர், கண்ணாடி துடைக்கும் மருந்து எதுவும் வேண்டாம். மூடியாக வைத்த பிளாஸ்டிக் பலகை மஞ்சளடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் நிறம். ஒரு வெள்ளை வாளியில் தொட்டித் தண்ணீரையும் மற்றொன்றில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தொட்டித் தண்ணீர் வெளிர்தேநீர் நிறமாகத் தெரிந்தால், கரைந்த அழுக்கு நீலத்தை விழுங்குகிறது. இதற்குத் தொட்டிக்கென்று விற்கும் கரி (activated carbon) போதும். ஆனால் கவனம்: 150 லிட்டருக்கு ஒரு சிறு கோப்பை கரியை ஒரேயடியாகப் போட்டால் இரண்டு நாளில் தண்ணீர் பளிங்காகி, அடியில் இருக்கும் பவளத்துக்கு வெளிச்சம் திடீரென்று எகிறும். விளக்கைத் தொடாமலேயே பவளம் வெளுத்த பல சம்பவங்களுக்குக் காரணம் இந்தக் கரிதான். பாதி அளவு போட்டு, பத்து நாள் கழித்து மீதியைப் போடுங்கள். மாதம் ஒருமுறை மாற்றுங்கள்.

துடைத்து, தெளிவித்து, மறுபடி அளந்த பிறகும் குறைவென்றால் கூட்டலாம். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம். 110 இருக்கும் இடத்தை 220 ஆக்க ஏழெட்டு வாரம் பிடிக்கும். இது மெதுவாகத் தோன்றும், ஆனால் பவளம் தன் பாசியைக் குறைத்துக் காப்பு நிறமிகளை உருவாக்க அவ்வளவு நாள் எடுக்கும். விளக்கின் செயலியில் 50 சதவீதம் என்பது எல்லா விளக்கிலும் பாதி ஒளி அல்ல. ஆகவே சதவீதத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் மீட்டரால் பாருங்கள்.

அறிகுறி: வெளுக்கிறது

இதுதான் அவசரம். முதலில் வெளுத்ததா, செத்ததா என்று பாருங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, சிறு கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற தசையும் மொட்டும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் சொரசொரப்பான சுண்ணாம்புக் கூடு என்றால் அந்தப் பகுதி போய்விட்டது. தசை அடியிலிருந்து தோலாக உரிந்துகொண்டிருந்தால் அது வேறு நோய், அதற்கு விளக்கைக் குறைத்துப் பயனில்லை. நல்ல பகுதியை வெட்டித் தனியே ஒட்டுங்கள்.

உயிரோடு வெளுத்திருந்தால், எங்கே தொடங்கியது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

விளக்கைப் பார்த்த பக்கம் வெளுத்து, அடிப்பக்கமும் நிழல் விழுந்த இடமும் நிறமாகவே இருக்கிறது: ஒளி அதிகம். புது விளக்கு, புதுக் கரி, கல்லை உயரத் தூக்கி வைத்தது, துடைத்த கண்ணாடி இவற்றில் ஏதோ ஒன்று கடந்த பத்து நாளில் நடந்திருக்கும்.

மேல், கீழ், நிழல் என்று பேதமில்லாமல் தொட்டியிலுள்ள எல்லாமே வெளிறி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியத்தில் நிற்கிறது: பட்டினி. ஸ்கிம்மர், பாஸ்பேட் உறிஞ்சி, கொஞ்சமான தீனி மூன்றும் சேர்ந்து தண்ணீரைச் சுரண்டிவிட்டன. உறிஞ்சியை எடுத்துவிடுங்கள், மீனுக்கு இரண்டு வேளை கூடுதலாகப் போடுங்கள். பட்டினி கிடக்கும் பவளம் வழக்கமான ஒளியையே தாங்காது என்பதால், உணவு ஏறும்வரை விளக்கையும் ஐந்தில் ஒரு பங்கு இறக்குங்கள்.

பழுப்பு நூல் போன்ற சளியைத் துப்பியபடி பல பவளங்கள் ஒரே வாரத்தில் வெளுக்கின்றன, வெப்பமானி 30ஐத் தாண்டியிருக்கிறது: சூடு. நம் ஊரில் இதுவே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். காலை 8 மணிக்குப் பார்த்து 27 என்று நிம்மதியடைபவர்கள் மாலை 5 மணிக்குப் பார்ப்பதில்லை. அதிகபட்சத்தைப் பதிந்துவைக்கும் வெப்பமானி இல்லாமல் இங்கே பவளம் வளர்க்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

சூடும் ஒளியும் தனித்தனி எதிரிகள் அல்ல. தண்ணீர் சூடாகும்போது நுண்பாசியின் ஒளிச்சேர்க்கைப் பொறி பழுதுபடுகிறது. விழும் ஒளியை அது செலவழிக்க முடியாமல் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களாக மாற்றுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளப் பவளம் அந்தப் பாசியையே வெளியேற்றுகிறது. 2010இல் தியோமான், ரெடாங், பாயார் கடற்பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை மூட வைத்த வெளுப்பும் இப்படிக் கடல் சூடேறி வந்ததுதான். அதனால் 26 பாகையில் 250 பார் தாங்கிய பவளம் 30 பாகையில் அதே 250இல் வெளுக்கும். குளிரூட்ட முடியாத நாளில் செய்யக்கூடியது ஒளியைக் குறைப்பது.

காரணம் எதுவானாலும் முதலுதவி இது. அன்றைக்கே விளக்கை இப்போதிருக்கும் அளவில் பாதியாக்குங்கள் (பட்டினியானால் மட்டும் மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு இறக்கினால் போதும்). முழு இருட்டில் தள்ளிவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பாசிக்கும் ஒளி வேண்டும். ஒரே ஒரு பவளம்தான் வெளுத்தது, மற்றவை நன்றாக இருக்கின்றன என்றால், அதற்கு மட்டும் கொசுவலையால் நிழல் போடலாம். ஹார்ட்வேர் கடையில் ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் அல்லது ஃபைபர் வலை கிடைக்கும். கம்பி வலை வேண்டாம், உப்பில் துருப்பிடித்து உலோகம் தண்ணீரில் இறங்கும். மூன்று அடுக்காக மடித்து அந்த இடத்துக்கு மேலே மூடியின்மேல் போட்டு, அளந்து பார்த்து, பத்து நாளுக்கு ஓர் அடுக்கு வீதம் எடுங்கள். பெரிய வாய்ப் பவளமானால் வாரம் இரண்டு இரவு, விளக்கு அணைந்து மொட்டு விரிந்த பிறகு, பம்பை நிறுத்தி, ஊறவைத்த சிறு இறால் துணுக்கை ஊட்டுங்கள். நிறம் திரும்ப ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். அந்த இரண்டு மாதமும் தண்ணீரில் வேறு எதையும் மாற்றாமல் பொறுப்பதுதான் கடினமான வேலை.

சூட்டுக்கு: தண்ணீர் மேற்பரப்பின்மேல் சாய்வாகக் காற்றடிக்கும் இரண்டு சிறு விசிறி 2 பாகை வரை இறக்கும். மழைக்கு முன் புழுங்கும் நேரத்தில் ஈரப்பதம் கூடிவிடுவதால் அந்தளவு இறங்காது. விசிறி ஓடினால் நாளுக்கு 2 முதல் 4 லிட்டர் ஆவியாகும். உப்பு ஆவியாவதில்லை, எனவே உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்ட வேண்டும்; குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள பாஸ்பேட்டும் சேர்ந்து வரும். பகல் முழுதும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டில், வெயிலில் 30ஐத் தாண்டினால், சில்லர் (தண்ணீரைக் குளிரூட்டும் இயந்திரம்) வாங்கத்தான் வேண்டும். அந்தச் செலவுக்கு முடியாதென்றால் அக்ரோபோராவை விட்டுவிட்டு மென்பவளம் வளர்ப்பது பவளத்துக்குச் செய்யும் மரியாதை.

காசு செலவில்லாத ஒரு மாற்றம் உண்டு: விளக்கின் நேரத்தைத் தள்ளுங்கள். காலை 10 முதல் மாலை 6 வரை எரியும் விளக்கு, வீடு கொதிக்கும் நேரத்தில் தன் சூட்டையும் சேர்க்கிறது. மாலை 4 முதல் நள்ளிரவு 12 வரை எரிந்தால் பவளத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. வேலை முடிந்து வருபவரும் பார்க்கலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் தள்ளினால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அறிகுறி: கழுத்து நீள்கிறது, வளர்ச்சி நின்றுவிட்டது

சோவா தன் காம்பை நீட்டி மேலே எக்குவதும், காளான் தட்டையாக விரிந்து மெலிவதும் ஒளிப்பசி. காளான் கிண்ணமாகச் சுருண்டாலோ, சோவா பகலில் மூடியே இருந்தாலோ அது எதிர்ப்பக்கம், அதாவது ஒளி அதிகம். இரண்டுக்கும் இடம் மாற்றினால் போதும், விளக்கைத் தொட வேண்டாம். ஒரு தடவையில் 10 செ.மீ.க்கு மேல் உயர்த்தாதீர்கள்.

நிறம் நன்றாக இருந்து வளர்ச்சி மட்டும் இல்லையென்றால் காரத்தன்மையைப் பாருங்கள். கூடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், 6.5 டிகேஎச்சில் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் அது கட்டாது. தண்ணீரும் சரி என்றால் ஒரு நாளின் மொத்த ஒளியைக் கணக்கிடுங்கள்: பார் அளவை மணி நேரத்தால் பெருக்கி, அதை 0.0036ஆல் பெருக்குங்கள். 150 பார் 10 மணி நேரம் என்றால் 5.4 வரும். 300 பார் 5 மணி நேரமும் அதே 5.4தான். எண் ஒன்றானாலும் முதலாவதே பத்திரம், ஏனென்றால் உச்சம் தாழ்ந்து நீண்ட ஒளியைப் பவளம் வீணாக்காமல் பயன்படுத்தும். முழு ஒளி 8 மணி, ஏற 1 மணி, இறங்க 1 மணி என்பது பெரும்பாலான தொட்டிக்குப் பொருந்தும்.

அறிகுறி: மேலே நிறம், கிளைக்கு அடியில் பழுப்பு அல்லது சாவு

எல்.இ.டி. ஒரு புள்ளியிலிருந்து பாயும் ஒளி. நேர்கீழே பளிச்சென்று விழும், கிளையின் அடியில் கூர்மையான நிழல் போடும். பவளம் சிறிதாக இருக்கும்போது தெரியாது. கிளை அடர்ந்த பிறகு தெரியும். திறனைக் கூட்டினால் மேலே வெளுக்குமே தவிர அடியில் நிறம் வராது.

மூன்றடித் தொட்டிக்கு நடுவில் ஒரே பெரிய விளக்கைத் தொங்கவிடுவதைவிட, பாதித் திறனுள்ள இரண்டை 45 செ.மீ. இடைவெளியில் வைப்பது மேல். இரண்டு கோணத்திலிருந்து வரும் ஒளி ஒன்றின் நிழலை ஒன்று நிரப்பும். ஏற்கெனவே ஒன்றுதான் இருக்கிறதென்றால் உயர்த்துங்கள்: தண்ணீருக்கு மேல் 15 செ.மீ.யில் இருப்பதை 25, 30க்குத் தூக்கினால் நடுவில் உச்சம் தணிந்து ஓரத்துக்குப் பரவும். குறைந்த அளவைத் திறனைக் கூட்டி ஈடுசெய்யலாம். பக்கத்தில் ஒன்றிரண்டு டி5 குழல்விளக்கு சேர்ப்பவர்களும் உண்டு. நிழல் நீங்க அது மிக நல்ல வழி, ஆனால் குழலை 9 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும், சூடும் கூடும். அடர்ந்த கிளையைக் கத்தரித்து விடுவதும் வைத்தியமே. அடியில் நீரோட்டம் செல்லாமல் அழுக்கு தங்குவதும் அதே இடத்தில்தான்.

அறிகுறி: நீலத்தில் ஜொலிக்கிறது, வெள்ளையில் மங்கல்

இது பல நேரம் கோளாறே அல்ல. பவளத்தில் இரண்டு வகை நிறமி உண்டு. பச்சை, ஆரஞ்சு போல ஒளிர்பவை நீல ஒளியை வாங்கி வேறு நிறமாகத் திருப்பி உமிழும். கொஞ்சம் ஒளியிலும் இவை தெரியும். ஊதா, நீலம், இளஞ்சிவப்பு நிறமிகளில் பல ஒளிராதவை. வெள்ளை ஒளி பட்டால்தான் அவற்றின் நிறம் சரியாகத் தெரியும், நீலம் மட்டும் எரிந்தால் எடுபடாது. கடையில் நீலத்தை மட்டும் எரியவிட்டு விற்கும் துண்டை, வெள்ளை விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். துண்டாக வளர்த்து விற்பவரிடமே வாங்குங்கள். கடற்பூங்காவிலிருந்து பவளத்தை எடுப்பது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம்.

இரண்டு நிறமியும் தெரிய வேண்டுமென்றால் தொடக்க அமைப்பாக, விளக்கின் சதவீதக் கணக்கில், ராயல் புளூ 70, புளூ 60, வயலெட் 60, வெள்ளை 15, சிவப்பும் பச்சையும் 3 வீதம் வையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் நீலம் மட்டும். ஊதா, இளஞ்சிவப்பு நிறமிகள் பவளம் தானே பூசிக்கொள்ளும் குடை போன்றவை. நீலம் வலுவாக விழும் இடத்தில்தான் உருவாகும். அக்ரோபோரா நுனியில் ஊதா வராததற்கு நிழலே பெரும்பாலும் காரணம்.

அறிகுறி: கண்ணாடியிலும் கல்லிலும் பாசி

வெள்ளை, சிவப்பு, பச்சை மூன்றையும் பாதியாக்கி, எரியும் நேரத்தை 8 மணியாக்குங்கள். கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் நேராக விழுகிறதா என்று 8 மணிக்கு நின்று பாருங்கள். விழுந்தால் திரை போடுங்கள். குமிழ் தாங்கிய பழுப்புச் சளி படிந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமென்றால் அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்). அதைப் பட்டினி போட்டால் பெருகும். சத்தை ஏற்றித்தான் விரட்ட வேண்டும். மூன்று நாள் இருட்டு உதவும், அதற்கு மேல் அக்ரோபோரா தாங்காது. இருட்டு முடிந்ததும் பாதி ஒளியில் தொடங்குங்கள்.

அறிகுறி: கிளை நுனி மட்டும் வெள்ளையாகக் கருகுகிறது

வளரும் நுனி இயல்பாகவே வெள்ளையாக இருக்கும். மொட்டும் தசையும் இருந்தால் மகிழ்ச்சிதான். தசை பின்வாங்கி எலும்பு தெரிந்தால் காரத்தன்மை 10, 11க்கு ஏறி, சத்து குறைந்திருக்கிறதா பாருங்கள். விளக்கைக் குறைக்க வேண்டாம். காரத்தன்மையை நாளுக்கு அரை டிகேஎச்சுக்கு மேல் நகர்த்தாமல் 8க்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: விளக்கு தானே மங்குகிறது, அணைந்து எரிகிறது, நேரம் தவறுகிறது

பிற்பகலில் மட்டும் அணைந்து, ஆறியதும் எரிந்தால் அது சூட்டுக் காப்பு. பிளக்கைக் கழற்றிவிட்டு மேலே உள்ள சிறு விசிறியைப் பாருங்கள். தூசி, பல்லி எச்சம், சில வீடுகளில் எறும்புக் கூடு. சிறு பெயின்ட் பிரஷால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். விசிறி கரகரத்தாலே மாற்றிவிடுங்கள், நிற்கும்வரை காத்திருக்காதீர்கள். மூடிய மரப்பெட்டிக்குள் விளக்கு இருந்தால் பின்பக்கம் திறந்துவிடுங்கள். ஒரு நிறம் மட்டும் எரியவில்லை என்றால் அந்த வரிசையின் டிரைவர் அல்லது ஒரு பல்பு போயிருக்கும். மற்ற நிறங்களைக் கூட்டி ஈடுகட்ட முயலாதீர்கள்.

கரண்டு போனால் சக்கர டைமர் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் போனால் அன்றிலிருந்து விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகவே எரியும். ஒரு மாதத்தில் மூன்று இடிமழை வந்தால் இரவு எது பகல் எது என்று பவளத்துக்கே தெரியாது. பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர் வாங்குங்கள். செயலியால் ஓடும் மலிவு விளக்குகள் சில, கரண்டு திரும்பியதும் அட்டவணையை மறந்து முழு வெளிச்சத்தில் எரியும். உங்கள் விளக்கு என்ன செய்கிறது என்பதை ஒரு நாள் நீங்களே சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேற வேண்டும். வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக் பலகை தொட்டிக்குக் கீழே தரையில் வேண்டாம், பக்கச் சுவரில் உயரத்தில் திருகுங்கள். தொட்டிக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பியை உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துப் போட்டுக்கொண்டால், உங்கள் உயிருக்கும் காப்பு, வீட்டின் வேறு கோளாறுக்குத் தொட்டி அணையாமலும் இருக்கும். அது அடிக்கடி விழுந்தால் விளக்கைவிட ஹீட்டரையும் பழைய பம்பையும் முதலில் சந்தேகியுங்கள். இடி இறங்கும்போது மின்னல் காப்புப் பலகை உதவும், ஆனால் பிளக்கைக் கழற்றியதற்கு ஈடாகாது. விளக்கைக் கழற்றுங்கள், பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பை உள்ளே விடுங்கள்.

கரண்டு வந்ததும் முதலில் நீரோட்டப் பம்பு, பிறகு ஸ்கிம்மர், வெப்பமானியைப் பார்த்து விசிறி. விளக்கு கடைசி. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீரோட்டம் நின்றிருந்தால் அன்று மிச்ச நேரம் முழுவதும் பாதி ஒளி போதும். மறுநாள் வழக்கமான அட்டவணைக்குத் திரும்பலாம்.